எட்டு விரல் கீழே

குறிக்காரி வீடு எது என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் வழி காட்டுவார்கள். காட்டிவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொள்வார்கள், அவ்வளவுதான். மர அறுவை ஆலையின் பின்சுவருக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நடுவே நெருக்கியடித்துப் போகிற சந்தில் கடைசிக் கட்டடம். முன்பாதி கணவரின் பட்டறை: சட்டம் போட்டு மாட்டிய உரிமம், ஒரு லேத், அரங்கள் அடுக்கிய பெட்டி, எண்ணெய் வாடை. பின்பாதி அவளுடையது. அதை அறை என்று சொல்ல முடியாது. கூரையில்லாத நீள இடம், சரியாக இருபத்தைந்து தப்படி, கோடியில் ஆளுயரத்துக்கு மண் மூட்டைகள். குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்து, ஒற்றை ஈயக் குண்டைத் தள்ளிச் சுடுகிற பழைய மாதிரித் துப்பாக்கிகளுக்குக் குறி சரிபார்த்துக் கொடுப்பது அவள் தொழில். பயிரைக் காக்கப் பன்றி சுடும் அனுமதி பெற்ற விவசாயிகளுக்கெல்லாம் அந்த மாதிரி துப்பாக்கிதான் கொடுத்திருந்தார்கள்.

இப்போது அவளிடம் துப்பாக்கியை நீட்டினால் உடனே வாங்கமாட்டாள். சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. வந்தவர் அதில் கட்டிய கறுப்பு நூலின் மறுமுனையைப் பிடித்தபடி, அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அரை நிமிடம் நிற்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நிற்க வேண்டும். "எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கும்மா" என்ற ஒருவரைத் துப்பாக்கியோடு அப்படியே திருப்பி அனுப்பினாள். முன்பெல்லாம் இப்படி இல்லை. முன்பு ஓர் எண்ணைச் சொல்வாள், துப்பாக்கியைக் கையில் கொடுப்பாள், ஆளை அனுப்பிவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

எண்ணோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் ஊர் வாய்தான். முதல் கோளாறு அந்தக் 'குறி' என்ற சொல்லில் ஆரம்பித்தது. குறிக்காரி என்றதும் வருங்காலம் சொல்கிறவள் என்று நினைத்துக்கொண்டு ஆள் வந்தது. ஆடு தொலைத்த அம்மாள் ஒருத்தி விடியற்காலையில் வந்து, "எந்தப் பக்கம் போச்சுன்னு கொஞ்சம் குறி பாத்துச் சொல்லும்மா" என்றாள். "ஆட்டக் கொண்டுவந்து அந்த மூட்டைக்கு முன்னால நிறுத்துங்க, பாக்கறேன்" என்று இவள் சொன்னாள். அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டு ஓடினாள். பட்டறைக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சோளக்காட்டுக்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குழலில் மயிரிழை போல ஒரு கீறலை இவள் பார்த்தாள். "இந்தக் குழல் இன்னும் பத்து வெடி தாங்காதுங்க" என்றாள். அவர் சிரித்தார். ஏழாவது வெடியில் குழல் கிழிந்து அவருடைய இரண்டு விரல்கள் போயின. இன்னொருவரிடம், "நூறு தப்படியத் தாண்டிச் சுடாதீங்க, குண்டு எங்க இறங்கும்னு அதுக்கே தெரியாது" என்றாள். அவர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் சுட்டு, மேய்ந்துகொண்டிருந்த அடுத்தவர் கன்றுக்குட்டியைக் கொன்றார். தொழில் தெரிந்தவள் என்று ஊர் சொல்லியிருக்கலாம். நம் ஊர்கள் அப்படியெல்லாம் சொல்லிவிடுமா? கருநாக்கு என்றது. அவள் சொன்னதால்தான் நடந்தது என்றது. கல்யாண வீட்டில் அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

அன்றிலிருந்து பேச்சைச் சுருக்கினாள். காரணம் சொன்னால்தானே சாபம் என்கிறார்கள்? எண்ணை மட்டும் சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. "எண்பதுக்குள்ள நேராப் பிடிங்க. அதுக்கு மேல சுடாதீங்க." முடிந்தது பேச்சு.

அவள் தையல்காரர் மகள். கல்யாணமாகி வந்த புதிதில் துப்பாக்கி என்றால் எந்தப் பக்கம் வெடிக்கும் என்றுகூடத் தெரியாது. பட்டறைக்காரர் குழல் கடைவதில் கெட்டிக்காரர், ஆனால் சுடுகிற நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். இவ்வளவு வருடத்தில் அந்தப் பழக்கம் போகவில்லை. கூடவே ஒரு காதும் அடைத்துப்போனது. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தவள், குண்டு மூட்டையைத் தவிர எல்லா இடத்திலும் படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், "இங்க குடுங்க" என்று வாங்கிச் சுட்டாள். கண் இமைக்கவில்லை. காலையில் மாமியாரோடு நடந்த சண்டையில் அன்று அவளுக்கு இருந்த கோபத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் இமைத்திருக்கமாட்டாள். அன்றைக்குப் பிடித்த வேலை, பிடித்துக்கொண்டது.

ஆனால் ஏன் என்று தெரியாமல் எதையும் தைக்கிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை. குண்டு வெளியே போனபின் என்ன செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. செங்கல் சூளைத் திடலில் அப்பாவின் கடையிலிருந்து வாங்கிவந்த பழுப்புக் காகிதத்தைச் சட்டங்களில் ஒட்டி, ஐந்து தப்படிக்கு ஒன்றாக நூறு தப்படி வரைக்கும் வரிசையாக நட்டாள். ஒரே வெடி. இருபது காகிதத்திலும் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் பார்வைக் கோட்டுக்கு எத்தனை விரல் மேலே, எத்தனை விரல் கீழே என்று அளந்து, பட்டறைச் சுவரில் நீளமாகக் காகிதம் ஒட்டி வரைந்தாள்.

வரைந்தபின்தான் அவளுக்கே ஆச்சரியம். குண்டு நேராகப் போகிறது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது, அவள் உட்பட. அது வில் போலப் போகிறது. கண் குழலுக்கு மேலே இருந்து பார்க்கிறது. குண்டோ ஒரு விரல் கீழே, குழலுக்குள் இருந்து கிளம்புகிறது. குழலின் மூக்கு சற்றே தூக்கியிருப்பதால் பார்வைக் கோட்டை நோக்கி ஏறுகிறது. இருபத்தைந்தாவது தப்படியில் கோட்டைத் தொடுகிறது. தொட்டு நிற்பதில்லை. கோட்டுக்கு மேலே ஏறி, ஐம்பதில் ஒரு விரலுக்குச் சற்று அதிகமாக உயர்ந்து, பிறகு களைத்து இறங்கி, எண்பதுக்குப் பக்கத்தில் இரண்டாம் முறையாகக் கோட்டைத் தொடுகிறது. அதற்கப்புறம் வீழ்ச்சி பெரிது. நூறு தப்படியில் ஐந்து விரல் கீழே. ஆகவே அவளுடைய பின்பாதி இடத்தில் இருபத்தைந்தில் சரியாக வைத்தால் எண்பது வரைக்கும் கவலையில்லை. பட்டறைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, புடவைக்கு பார்டர் போடறியா?" என்றார். அவளும் சிரித்தாள். ஏன் எண்பது என்று அவளிடம் யாரும் கேட்காததால் அந்தப் படம் சுவரில் தூசி படிந்து கிடந்தது.

கேட்ட ஒரே ஆள் மாப்பிள்ளைதான்.

மகளைக் கட்டிக்கொடுத்தது ஆறு கிலோமீட்டர் தள்ளி, சோளக்காடுகள் சூழ்ந்த ஊரில். மாப்பிள்ளை அந்த ஊர் விவசாயச் சங்கத்தின் பயிர்க் காவல்காரர். நெட்டையானவர், வாய்ச் சவடாலும் கொஞ்சம் உண்டு. ஆனால் மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார், அதனால் குறிக்காரிக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதை ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அவருக்கும் அத்தைமேல் மரியாதை உண்டு. அதை அவரும் கிண்டலுக்குள் ஒளித்துவைத்திருந்தார்.

அந்த வருடம் ஒரு தனிப் பன்றி இறங்கியிருந்தது. கூட்டத்தோடு சேராத கிழட்டு ஆண். இடது பக்கத்து வளைந்த பல் பாதியில் ஒடிந்து கூராக நின்றது. போன மாதம் புல்லறுக்கப் போன பால்காரரின் அண்ணனைத் தொடையில் கிழித்து, வரப்பிலேயே முடித்துவிட்டது. அதன்பிறகு அந்த ஊரில் யாரும் தனியாகக் காட்டுக்குள் போகவில்லை. வனத்துறை அனுமதி கொடுத்தது. தகரம் தட்டிக்கொண்டு நாற்பது பேர் சோளத்துக்குள் இறங்கி விரட்டுவது, பன்றி வெட்டவெளிக்கு வரும்போது எதிர்முனையில் காத்திருக்கிற ஒருவர் சுடுவது என்று ஏற்பாடு. அந்த ஒருவர் மாப்பிள்ளை. கையில் இருப்பது ஒற்றை வெடி. மறுபடி மருந்து கொட்டி, துணி வைத்து, குண்டு தள்ளி, பொறி தட்டும் கேப் பொருத்த ஒரு நிமிடம் ஆகும். பாய்ந்து வருகிற பன்றி ஒரு நிமிடம் பொறுக்காது.

துப்பாக்கியைக் குறி பார்த்து வாங்கிப் போக மாப்பிள்ளையே வந்திருந்தார். அவள் மற்றவற்றுக்கு மூன்று வெடி வைப்பாள், இதற்குப் பதினொன்று வைத்தாள். பதினொன்றும் ஒரு காசு அகலத்துக்குள் விழுந்தன.

"எண்பதுக்குள்ள நேராப் பிடிங்க மாப்பிள்ளை. அதுக்கு மேல சுடாதீங்க."

"ஏன் அத்தை எண்பது? எழுபத்தொன்பதுன்னா பன்னி கோவிச்சுக்குமா?"

அவள் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்ல ஆரம்பித்தால் குண்டு விழுவது, பன்றி பாய்வது என்றெல்லாம் வாயில் வரும். மாப்பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தைகளைச் சொல்ல அவளுக்கே பயமாக இருந்தது. கருநாக்கு இல்லை என்று ஆயிரம் முறை சொல்லிக்கொண்டாலும் ஊர் சொன்னது உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"எண்பதுன்னா எண்பதுதான். சொன்னதச் செய்யுங்க."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

விரட்டுக்குக் குறித்த நாள் பிற்பகல், குறிக்காரி மகள் வீட்டுக்குப் போனாள். குண்டுக்குச் சுற்றும் துணியில் தடவ அவளே காய்ச்சிய மெழுகு டப்பாவை மாப்பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுப்பது ஒரு சாக்கு. உண்மையில் விரட்டு தொடங்குமுன் அவரை ஒருதரம் பார்த்துவிட நினைத்தாள். மர அறுவை ஆலையில் வாள் நின்று நின்று ஓடியது. பட்டறைக்காரர் தகரம் தட்டுகிறவர்களோடு சேர்ந்துகொள்ள முன்னாலேயே போய்விட்டார். காது கேட்காதவருக்குத் தகரம் தட்டுவதில் என்ன கஷ்டம் என்று கிளம்பும்போது ஒரு கிண்டல் வேறு.

மகள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவர் அப்பவே போயிட்டாரும்மா. மூணு மணிக்கெல்லாம் மேட்டுல உக்காந்துடணுமாம். நாலு மணிக்குத் தகரம் அடிக்க ஆரம்பிப்பாங்க."

"சாப்பிட்டாரா?"

"எங்க? அந்தத் துப்பாக்கியோடயே மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு." மகள் சிரித்தாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லிடறேன். உன் மாப்பிள்ளை உன் குறியவே திருத்திட்டாரு."

குறிக்காரிக்குச் சட்டென்று புரியவில்லை. "திருத்தினாரா? எத?"

"டீக்கடைல எல்லாரும் ஓட்டிட்டாங்களாம். மாமியார் கண்ணால சுடறவன்னு. ரோஷம் வந்து நேத்து சாயங்காலம் பின்பக்கம் மூட்டைய வச்சு சுட்டுப் பாத்தாரு. அடையாளத்துக்குக் கீழ பட்டுது. மறுபடி சுட்டாரு, மறுபடியும் கீழ. உங்கம்மாவுக்கே தப்பாகுதுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். உக்காந்து ராவு ராவுன்னு ராவி, சரி பண்ணிட்டாரு. இப்ப அச்சுல அடிச்ச மாதிரி நடுவுல படுது. வா, காட்டறேன்."

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே முற்றம். மதிலோரம் நான்கு மண் மூட்டைகள். மேல் மூட்டையில் கரிக்கட்டியால் ஒரு வட்டம். வட்டத்துக்கு முக்கால் விரல் கீழே இரண்டு ஓட்டைகள். வட்டத்தின் நட்ட நடுவில் இரண்டு ஓட்டைகள். ஜன்னல் திண்டில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி கிடந்தது. அவள் விரலால் தொட்டாள். பித்தளை. குழல் நுனியில் அவள் பற்றவைத்த முன்குறியின் பித்தளை. அது ஓர் அரிசி அளவுதான் இருக்கும், அதனால் வீட்டில் அதற்குப் பெயரே அரிசி. அந்த அரிசியின் தலையைத்தான் அவர் ராவியிருக்கிறார். முன்குறியைத் தாழ்த்தினால் குழல் மூக்கைத் தூக்கும், குண்டு மேலே போகும். அதுவரைக்கும் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் தொட்டியடியிலிருந்து மூட்டை வரைக்கும் நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறோடு மூட்டை வந்துவிட்டது.

ஆறு தப்படி. ஆறில் குண்டு கீழேதான் பட வேண்டும். அது இன்னும் கோட்டுக்கு ஏறி வரவே இல்லையே! வயிற்றுப் பிள்ளை நடக்கவில்லை என்று வைத்தியரிடம் போனதைப் போல இருந்தது கதை. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. குண்டு ஏற வேண்டிய இடத்துக்கு முன்னால் நின்று அளந்துவிட்டு, குறை என்று நினைத்து, குழலின் மூக்கை இன்னும் தூக்கிவிட்டார்.

அவள் விரல்களை மடக்கினாள். ஆறு தப்படிக்கு முக்கால் விரல் தூக்கினால் அறுபதுக்கு ஏழரை விரல். அங்கே ஏற்கெனவே முக்கால் விரல் மேலேதான் போகிறது. எட்டு. மாப்பிள்ளையின் மேட்டிலிருந்து வெட்டவெளியின் வாய் அறுபது தப்படி என்று அவரே சொல்லியிருக்கிறார். நேரே பார்த்து வருகிற பன்றியின் நெஞ்சுக்கு எட்டு விரல் மேலே என்றால் பிடரி மயிரைத் தடவிவிட்டுக் குண்டு காற்றில் போகும். அதற்கப்புறம் கையில் இருப்பது வெறும் கட்டை.

"போன் போடு."

"போன் சார்ஜ்ல கிடக்குதும்மா. மேட்டுல சத்தம் வரக் கூடாதுன்னு வச்சிட்டுப் போயிட்டாரு. ஏம்மா, என்னாச்சு? முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

பட்டறைக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் காதுக்கு எப்போது கேட்டது, இப்போது கேட்க! சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை தாண்டிவிட்டது.

தெருமுனையில் பால்காரர் காலிக் கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயம் என்னவென்று கேட்கக்கூட இல்லை. அண்ணனைப் பறிகொடுத்தவர். கேன்களைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, "ஏறுங்க" என்றார். மண் பாதையில் வண்டி குதித்தது. காற்றே இல்லை. இரண்டு பக்கமும் சோளத் தட்டைகள் அசையாமல் நின்றன. பாதி வழியில், எங்கோ தூரத்தில், ஒரு தகரச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டது.

"ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் பால்காரர்.

வெட்டவெளிக்கு இந்தப் பக்கம் கயிறு கட்டி வனக் காவலர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பதினைந்து பேர். கயிற்றுக்கு அப்பால் எழுபது தப்படி தள்ளி, இடுப்பளவு மண் மேட்டின் பின்னால் மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது.

"உள்ள யாரும் போகக் கூடாதும்மா."

"என் மாப்பிள்ளைங்க. துப்பாக்கி தப்பா இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

துப்பாக்கி தப்பு என்று குறிக்காரியே சொன்னதும் காவலர் முகம் மாறியது. சோளத்தைப் பார்த்தார். தட்டைகளின் தலை இன்னும் தூரத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம். குனிஞ்சு போங்க. சொல்லிட்டு உடனே வந்துடணும்."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து ஓடினாள். மேட்டின் வலது பக்கம் ஒரு வாய்க்கால், கோரைப் புல் மண்டி, சோளத்துக்குள்ளிருந்து வந்தது. அதன் வாயில் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். மேட்டிலிருந்து அந்த முள் மிக அருகில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

காலடிச் சத்தம் கேட்டு மாப்பிள்ளை திரும்பினார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. சவடால் எல்லாம் போய், பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை முகம்.

"அத்தை! இங்க எதுக்கு வந்தீங்க?"

"எட்டு விரல் கீழ பிடிங்க."

"என்ன?"

"நெஞ்சப் பாத்துப் பிடிக்காதீங்க. எட்டு விரல் கீழ பிடிங்க. அப்பத்தான் நெஞ்சுல படும்."

அவருக்குப் புரிந்துவிட்டது, ராவியது தெரிந்துவிட்டது என்று. காது வரைக்கும் சிவந்தார். "நான் சுட்டுப் பாத்தேன் அத்தை, நடுவுலதான் பட்டுது. ஏன் கீழ பிடிக்கணும்?"

தகரச் சத்தம் காதை அடைத்தது. சோளத் தலைகள் கிட்டத்தில் ஆடின. காவலர் கயிற்றருகே நின்று கையை வீசி வீசிக் கூப்பிட்டார். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும், குழலுக்கு வர வேண்டும், நூல் வேண்டும், சுவர் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கேள்வி கேக்க நேரமில்ல மாப்பிள்ளை. எட்டு விரல். என்மேல நம்பிக்கை இருந்தா செய்யுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கிண்டல் எதையும் காணோம். "சரி அத்தை" என்றார். இடது கை விரல்களை மடக்கி, எட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவளுக்கு நெஞ்சு இளகியது. கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஒரு மறுபேச்சும் இல்லாமல் அவர் கேட்டுக்கொண்ட முதல் வார்த்தை அது.

கயிற்றுக்கு வந்து சேர்ந்து மூச்சு வாங்கினாள். வெட்டவெளியின் வாயைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். அறுபது தப்படி தூரத்தில் சோளம் பிளக்கும் என்று மாப்பிள்ளையின் குழலும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

சோளம் பிளக்கவில்லை. வாய்க்காலில் கோரை ஆடியது. முள் அப்படியே பெயர்ந்து எழுந்தது. அதன் அடியிலிருந்து, முதுகெல்லாம் சேறும் முள்ளுமாகப் பன்றி வெளியே வந்தது. ஒடிந்த பல் வெள்ளையாகத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கும் அதற்கும் நடுவே ஆறு தப்படி இருக்கும்.

ஆறு.

ஆறுக்கு அந்தத் துப்பாக்கி சரி. அவர் ராவியதே ஆறுக்குத்தான். ஆறுக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

"நேராப் பிடிங்க!" என்று குறிக்காரி அலறினாள். "மாப்பிள்ளை! நேரா!" நாற்பது தகரத்தின் சத்தத்தில் அது பக்கத்தில் நின்ற காவலருக்கே கேட்கவில்லை. மாப்பிள்ளை சட்டென்று திரும்பினார். பதறவில்லை. குழல் முதலில் பன்றியின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றதை அவள் பார்த்தாள். பிறகு, சொன்ன சொல் தவறாமல், அது மெல்லக் கீழே இறங்கியதையும் பார்த்தாள். புகை எழுந்தது. பன்றியின் முன்கால்களுக்கு நடுவே மண் தெறித்தது.

அதற்கப்புறம் நடந்தது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டது. தொடையில் கட்ட அவள் புடவைத் தலைப்பைக் கிழித்தாள், பட்டறைக்காரர் தன் சட்டையைக் கழற்றினார், எதற்கும் ரத்தம் நிற்கவில்லை. சங்கத்து வண்டியில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மாப்பிள்ளை வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. வேறொன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எட்டு விரல் கீழதான் பிடிச்சேன் அத்தை. நீங்க சொன்ன மாதிரியே பிடிச்சேன்."

"ஆமா மாப்பிள்ளை. சரியாத்தான் பிடிச்சீங்க."

"அப்புறம் ஏன் அத்தை?"

ஆஸ்பத்திரி வாசல் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

ஊர் என்ன சொல்லும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் வாய் வைத்தாள், முடிந்தது என்றார்கள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் பையன் நேராகச் சுட்டுப் பன்றியைச் சாய்த்திருப்பான் என்றார்கள். இத்தனை வருடத்தில் ஊர் சொன்னது சரி என்று குறிக்காரிக்குப் பட்டது அந்த ஒரு தடவைதான். நாக்கில் கறுப்பு ஒன்றும் இல்லை. எட்டு என்பது அறுபது தப்படிக்கான எண் என்று அந்த நாக்கு சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மகள் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் பட்டறைக்கு வந்து, பின்பக்கம் போகாமல், சுவரிலிருந்த அந்தப் பழுப்புக் காகிதத்தின் முன்னால் நின்றாள். மர அறுவை ஆலையில் வாள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா எட்டு விரல்?" என்றாள்.

குறிக்காரி மேசைமேல் கிடந்த கறுப்பு நூலை எடுத்தாள். ஒரு முனையை ஆணியில் கட்டினாள். மறுமுனையை மகள் கையில் கொடுத்தாள். "இது கண்ணு பாக்கற கோடு" என்றாள். நூலுக்குக் கீழே ஒரு விரல் தள்ளிச் சுவரில் தொட்டாள். "குண்டு இங்கேர்ந்து கிளம்புது. மெல்ல ஏறி இருபத்தஞ்சுல நூலத் தொடுது. ஆறுல இன்னும் கீழதான் இருக்கும். அவரு அங்க நின்னு பாத்துட்டு, கீழ போகுதுன்னு தூக்கிட்டாரு. ஆறுக்கு அது சரியாயிடுச்சு. தூரம் போகப் போக எகிறிடுச்சு. அறுபதுல எட்டு விரல். தூரத்துல வந்தா கீழ பிடிக்கணும், கிட்ட வந்தா நேராப் பிடிக்கணும்."

மகள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "அரை நிமிஷம்கூட ஆகலையே."

நூலின் மறுமுனை இன்னும் மகள் கையில்தான் இருந்தது.